பழைய பேப்பரும் மைதாப் பசையும்: அசெம்பிளி லைன் பாடத்தை வகுப்பில் நடத்துவது எப்படி?

ஒரு பொருளைச் செய்யும் வேலையைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, வரிசையாக நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு பங்கைச் செய்வதுதான் அசெம்பிளி லைன். அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நான் தப்பாகவே நடத்தி வந்தேன். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நன்மைகள், வலப்பக்கம் தீமைகள். உற்பத்தி பெருகியது, விலை குறைந்தது என்று இந்தப் பக்கம். வேலை சலிப்பூட்டியது என்று அந்தப் பக்கம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஒருமுறை தேர்வு முடிந்து வெளியே வந்த பையன் ஒருவன், “டீச்சர், அவ்வளவு சலிப்பான வேலைக்கு அந்தக் கார் முதலாளி ஃபோர்டு எதற்கு இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்தார்?” என்று கேட்டான். “நல்ல மனிதர் போலிருக்கிறது” என்று சொல்லி நழுவினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இந்தப் பாடத்தை நடத்தவே கூடாது என்று பட்டது.

அதன்பிறகு உருவாக்கிக்கொண்டதுதான் கீழே எழுதியிருக்கும் முறை. ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றது. பத்தாம் வகுப்பிலும் செய்திருக்கிறேன். அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும். பி.டி. ஆசிரியரிடம் கெஞ்சி ஒரு பீரியடைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான் அதிகமில்லை. பழைய செய்தித்தாள், மூன்று ஸ்கேல், இரண்டு தட்டு, கடலை மிட்டாய் ஒரு பாக்கெட். பசையை முதல் நாள் இரவே வீட்டில் காய்ச்சிவிடுங்கள்: அரை டம்ளர் மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று டம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறினால் பத்து நிமிடத்தில் பளபளவென்று வந்துவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் கடைக்காரர்கள் இதில் மயில்துத்தம் போடுவார்கள். நீங்கள் போடாதீர்கள். அது நஞ்சு, நம் பிள்ளைகள் பசைக் கையோடுதான் மிட்டாய் தின்பார்கள்.

முதலில் பேனா மூடி

லைனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் பேனா மூடிக்கு ஒதுக்குங்கள். ஒரே வகைப் பேனா வைத்திருப்பவர்கள் மூடிகளை மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். எல்லாம் சரியாகப் பொருந்தும். இதில் என்ன அதிசயம் என்பதுபோல் பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். அப்போது நான் பையிலிருந்து என் பாட்டியின் இரண்டு பித்தளைத் தூக்குகளை எடுத்து வைப்பேன். பார்ப்பதற்கு இரட்டைப் பிறவிகள். ஆனால் இதன் மூடி அதற்குப் பொருந்தாது. செய்த கன்னார் ஒவ்வொரு மூடியையும் அதனதன் வாய்க்கு ஏற்றபடி தட்டித் தேய்த்துச் சேர்த்திருக்கிறார்.

தொடக்ககாலக் கார்களும் இந்தத் தூக்கைப் போலத்தான். பட்டறையில் ஃபிட்டர் அரத்தோடு நிற்பார். உறுப்பு பொருந்தாவிட்டால் ராவிப் பொருத்துவார். ஓடும் லைனில் நின்று ராவ நேரம் ஏது? எந்த உறுப்பும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்ற நிலை வந்த பிறகே லைன் சாத்தியம். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளும் தையல் இயந்திரக்காரர்களும் இதற்காக மெனக்கெட்டார்கள். அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அதன் பலனை அறுவடை செய்தார். “அசெம்பிளி லைனைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு” என்று யாராவது எழுதினால் நான் அரை மதிப்பெண் குறைப்பேன். ரான்சம் ஓல்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கார் முதலாளி 1901-லேயே வரிசை முறையில் கார் செய்தார். ஃபோர்டின் ஆட்கள் செய்தது, வேலையை நகரவைத்து ஆளை நிற்கவைத்தது.

பை செய்யும் சுற்றுகள்

ஆறு பேரை அழையுங்கள். மற்றவர்களில் இருவர் கடிகாரம் பார்க்கட்டும், இருவர் எண்ணட்டும், மிச்சப் பேர் குறிப்பெடுக்கட்டும். செய்ய வேண்டிய பொருள் மளிகைக் கடைக் காகிதப் பை. தாளை அளவாக வெட்டி, மடித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டி, அடியை மடித்து, அடிக்கும் பசை தடவி ஒட்டி, அடுக்கி வைக்க வேண்டும். அரைக் கிலோ பருப்பு தாங்க வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் முழுப் பையையும் தாமே செய்வார்கள். பத்து நிமிடம். சென்ற ஆண்டு என் வகுப்பில் ஆறு பேரும் சேர்ந்து 15 பை செய்தார்கள். முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி மட்டும் நான்கு பை, ஒவ்வொன்றும் கடையில் வாங்கியது போல. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ஒரே ஒரு பை. அதுவும் வாய் கோணி.

இரண்டாம் சுற்றில் ஆளுக்கு ஒரு வேலை. தாள் கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. முதன்முதலாக இதைச் செய்த ஆண்டு, லைன் பிய்த்து உதறப்போகிறது என்ற நினைப்பில் வகுப்புக்கு முன்னால் பெரிதாக அளந்துவிட்டேன். கிடைத்தது 11 பை. தனித்தனியாகச் செய்ததைவிடக் குறைவு! வகுப்பே சிரித்தது. வெட்டுபவன் சரசரவென்று வெட்டித் தள்ளுகிறான், பசை தடவுபவன் முன்னால் தாள் மலையாகக் குவிகிறது, அவனுக்கு அடுத்திருக்கும் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு ஈ ஓட்டுகிறார்கள்.

இப்போது நான் வேண்டுமென்றே அந்தத் தோல்வியை நடக்கவிடுகிறேன். வேலையை ஆறாகப் பிரித்தால் போதாது. ஆறு பங்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்க வேண்டும். அதை நீங்கள் சொல்லாதீர்கள். “என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேளுங்கள். வெட்டுவதையும் மடிப்பதையும் ஒருவரிடம் கொடுத்து, பசைக்கு இரண்டு பேரைப் போடலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அப்படி மாற்றியதும் 24 பை வந்தது. பிறகு, தரையில் உட்கார்ந்து குனிந்து செய்தவர்களை எழுப்பி, பெஞ்சின் மேல் வேலையை வைத்தோம். 29.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு 1913-க்குப் போங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டை ஒட்டிய, ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலை, ஏப்ரல் 1. இந்த முறையை முதலில் முழுக் காருக்கு அல்ல, ஃபிளைவீல் மேக்னட்டோ என்ற ஓர் உறுப்புக்குத்தான் செய்துபார்த்தார்கள். இஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் உறுப்பு அது. சக்கரத்தின் மேல் 16 காந்தங்களை முடுக்கிச் செய்வது. அதுவரை ஒருவரே ஒரு மேக்னட்டோவை முழுமையாகச் செய்வார். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். புதிய முறையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீண்ட மேடை, அதையொட்டி 29 பேர். ஒருவர் ஒரு காந்தத்தை வைப்பார், அடுத்தவர் இரண்டு நட்டைத் திருகுவார், சக்கரத்தை அடுத்த ஆளிடம் தள்ளுவார். ஒன்பது மணி நேரத்தில் 1,188 மேக்னட்டோ.

கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். 29 பேர், ஆளுக்கு 540 நிமிடம். பெருக்கி 1,188 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 நிமிடம் 11 விநாடி. அடுத்து மேடையை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், ஆட்கள் குனிவது நின்றது; ஒரு மேக்னட்டோவுக்கான நேரம் 7 நிமிடமானது. நாம் பெஞ்சில் ஏற்றிய அதே சங்கதி என்று ஒரு பிள்ளையாவது கத்தும்; அந்தக் கத்தலுக்காகத்தான் இவ்வளவு பசையும். பிறகு சங்கிலியால் நகரும் லைன் வந்தது. 14 பேர், எட்டு மணி நேரம், 1,335 மேக்னட்டோ. இதையும் வகுத்துப் பாருங்கள்: ஐந்து நிமிடம்.

நல்ல மாணவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மேக்னட்டோ வெளியே வந்தது என்று எழுதிவிடுவார்கள். அது ஆட்கள் எல்லோரும் செலவிட்ட உழைப்பின் கூட்டுத்தொகை. லைனின் முடிவில் நிற்பவருக்கு ஏறத்தாழ 22 விநாடிக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். “22 விநாடி கண்ணை மூடி எண்ணுங்கள். எட்டு மணி நேரம் இப்படியே” என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

முழுக் காருக்கு இது வந்தது 1913 இலையுதிர்காலத்தில். வண்டியின் சட்டத்தைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரு காருக்கான பன்னிரண்டரை மணி நேர உழைப்பு, 1914-இல் 93 நிமிடமாகச் சுருங்கியது. சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் மாட்டுடல் தலைக்கு மேலே தொங்கியபடி நகர, ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டியெடுப்பார்கள்; அதைத் திருப்பிப் போட்டால் கார் லைன். 1908-இல் 850 டாலருக்கு விற்கத் தொடங்கிய ஃபோர்டின் மாடல் டி கார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். விலைப் பேச்சை இதோடு முடித்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு அது எளிதில் புரிந்துவிடும்.

அந்த இரண்டு பேர்

லைனில் நிற்கும் ஆறு பேரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதல் சுற்றில் ஒரே ஒரு கோணல் பை செய்தானே, அவன் பசை தடவுவதில் எமகாதகன். கையைத் தட்டில் தோய்த்து ஒரே இழுப்பு, பசை சிந்தாது. நான்கு அழகான பை செய்த மாணவிக்கோ அடியை மடிக்கும் வேலை. அதை யாரும் செய்துவிடலாம். அவள் முகம் தொங்கிப்போனது. “எனக்குத் தெரிந்தது எதுவும் இங்கே வேண்டாமா டீச்சர்?” என்று கேட்டாள்.

தொழிற்சமூகம் எப்படி மாறியது என்பதற்கு இந்த இருவரையும்விட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஹைலண்ட் பார்க்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது, இயந்திர வேலை பழகியவர்களும் அல்லர். பழைய பட்டறையில் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். லைன் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதே கதவு வழியாகத்தான் ஆண்டுக்கணக்கில் தொழில் கற்ற ஃபிட்டரின் மரியாதை வெளியே போனது. ஒரே நிகழ்வு, இரண்டு பேருக்கு இரண்டு கதை. இதை நன்மை தீமை என்று இரண்டு பத்தியாகப் பிரித்தால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பது காணாமல் போய்விடுகிறது.

கடலை மிட்டாய்

இப்போது லைனை மறுபடி ஓடவிடுங்கள், ஆனால் எப்போது முடியும் என்று சொல்லாதீர்கள். ஸ்கேலால் மேசையில் தட்டித் தாளம் போடுங்கள். போகப் போக வேகத்தைக் கூட்டுங்கள். எட்டாவது நிமிடம் ஒருவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பான். அவனைப் பார்த்து இன்னொருத்திக்குக் கை வலிக்கும். விடுங்கள், போகட்டும். போனவர் இடத்தில் புதியவரை உட்காரவையுங்கள். யார் யார் போனார்கள் என்று கரும்பலகையில் எண்ணுங்கள்.

பிறகு எழுதுங்கள்: 963. லைன் வந்த 1913-ஆம் ஆண்டின் முடிவில், கூடுதலாக 100 பேரை நிலைநிறுத்த ஃபோர்டு நிறுவனம் 963 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஆட்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்தார்கள். அந்த ஆண்டு வேலையை விட்டவர்களின் விகிதம் 370 சதவீதம். நூற்றுக்கு மேலே எப்படிப் போகும் என்று கேட்பார்கள். ஒரே நாற்காலியில் ஓராண்டில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து எழுந்துபோனால் போகும்.

அடுத்து மிட்டாய். “இனி லைனில் நிற்பவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு” என்று அறிவியுங்கள். தண்ணீர் குடிக்கப் போனவன் முதல் ஆளாக ஓடி வருவான். 1914 ஜனவரி 5 அன்று நடந்ததும் இதுதான். ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலர் என்றிருந்த கூலி, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் ஆனது. ஒரு வாரத்துக்குள் கடுங்குளிரில் பத்தாயிரம் பேர் வாசலில் திரண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், அந்தக் குளிரில். என் பழைய மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஆள் நிற்காத லைன் ஓடாது. ஐந்து டாலர், நிற்கவைப்பதற்கான விலை.

மிட்டாயைக் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை போடுங்கள். “இரண்டாவது மிட்டாய், நேற்று வீட்டுப்பாடம் முடித்தவர்களுக்கும் காலையில் தலைவாரி வந்தவர்களுக்கும் மட்டும்.” கூச்சல் கிளம்பும். “பை ஒட்டுவதற்கும் தலைவாருவதற்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?” நல்ல கேள்வி. அந்த ஐந்து டாலரில் ஏறத்தாழ பாதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது, அதைப் பெறத் தகுதி வேண்டும். சமூகவியல் துறை என்று ஒன்றை நிறுவனமே தொடங்கி, விசாரணையாளர்களை வீடுகளுக்கு அனுப்பியது. குடிப்பாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா, யாரையாவது வாடகைக்குக் குடிவைத்திருக்கிறாரா என்றெல்லாம் குறித்துக்கொண்டு போவார்கள். லைன் தொழிற்சாலைச் சுவரோடு நிற்கவில்லை, அடுக்களை வரைக்கும் வந்தது. (ஆனால் பிள்ளைகளின் பையைத் திறந்து சோதிக்கும் வேலை வேண்டாம். வாயால் கேட்டாலே போதும், உறைக்கும்.)

அதே ஜனவரியில் ஒரு தொழிலாளியின் மனைவி ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் இன்றும் ஆவணமாக இருக்கிறது. பெயர் போடாத கடிதம். உங்கள் சங்கிலி முறை ஆளை அடிமைபோல் விரட்டுகிறது, என் கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுந்துவிடுகிறார், இரவுச் சாப்பாடுகூட இறங்கவில்லை என்கிறார். கூடவே அந்த ஐந்து டாலர் எவ்வளவு பெரிய வரம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். ஆனால் அதற்கு அவர்கள் பாடுபடுகிறார்களே என்று முடிக்கிறார். நான் இதைச் சொல்லிவிட்டு விளக்கம் எதுவும் சேர்ப்பதில்லை. எங்கள் ஊர் திருப்பூர். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர்.

பசைக்காரன் கையைக் கட்டினால்

கடைசிச் சுற்றுக்கு முன், பசை தடவும் பையனைத் தனியே கூப்பிட்டு, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். அவன் உட்கார்ந்ததும் முன்னால் இருப்பவர்களுக்குத் தாள் குவியும், பின்னால் இருப்பவர்களுக்கு வேலை இல்லை. ஒரு நிமிடத்தில் லைன் செத்துவிடும். வேறு யாரையாவது உட்காரவைக்கலாமே என்று ஒரு புத்திசாலி சொல்வான். “அவன் எழுந்தால்தானே!” என்று கேளுங்கள்.

இதுதான் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் நடந்தது. 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை 44 நாள், ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனத்தின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று வெளியே போகாமல், ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். கார்க் கூடு செய்யும் ஆலை நின்றால் மற்ற ஆலைகளும் நிற்கும். அத்தனை பெரிய நிறுவனம் கடைசியில் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டு பேச வேண்டியதாயிற்று. ஃபோர்டு 1941 வரை இழுத்தடித்தார். லைன் தனியாளை எளிதில் மாற்றத்தக்கவராக ஆக்கியது. அதே லைன், சேர்ந்து உட்காரும் ஒரு சிலருக்கு எல்லாவற்றையும் நிறுத்தும் பலத்தையும் கொடுத்தது. முதலாளிகள் இதை எதிர்பார்த்திருப்பார்களா என்று விவாதிக்க வையுங்கள். மணி அடித்தாலும் முடியாது.

வீட்டுப்பாடம்

வீட்டிலோ பக்கத்திலோ லைனில் வேலை செய்யும் ஒருவரிடம் நான்கு கேள்வி கேட்டுவர வேண்டும். நீங்கள் செய்வது எந்த வேலை? அதைக் கற்க எத்தனை நாள் ஆயிற்று? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ்? அந்த எண்ணிக்கையை முடிவு செய்தது யார்? கம்பெனி பெயரை எழுதவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் வேலைக்கு நாம் வினை வைக்கக் கூடாது.

பவர் டேபிள், ஓவர்லாக், கைமடி, செக்கிங் என்று எங்கள் பிள்ளைகள் எழுதிவரும் சொற்களைக் கரும்பலகையில் வரிசையாகப் போட்டால், பனியன் ஒன்று உருவாகும் லைன் அப்படியே தெரியும். ஒரு மாணவி, “பனியனை முழுதாக ஒருமுறையாவது தைத்திருக்கிறீர்களா என்று அம்மாவிடம் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டேன்” என்றாள். அதையும் இப்போது பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

மீந்த பைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் பள்ளி முனையில் இருக்கும் அண்ணாச்சி கடையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒன்பது பைகளைத் திருப்பிக் கொடுத்தார். “டீச்சர், பருப்பைப் போட்டதும் அடி கழன்றுவிடுகிறது.” எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் மூலையில் எண் போட்டிருந்தார்கள். ஒன்பதிலும் ஒரே எண், நான் ஸ்கேலால் தட்டி வேகம் கூட்டிய சுற்று. இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு வகுப்பில் அரைக் கிலோ துவரம் பருப்போடு தொடங்கலாம் என்று இருக்கிறேன்.